வயிறு கெட்ட நாளில் ஊசி போடலாமா?

மதியம் கல்யாண விருந்து. சாயங்காலம் முதல் அப்பாவுக்கு வாந்தி, கூடவே வயிற்றுப்போக்கு. பத்து வருடங்களுக்கு மேலாகச் சர்க்கரை நோய் உள்ளவர். காலையில் 24 யூனிட், இரவில் 18 யூனிட் இன்சுலின் போட்டுக்கொள்கிறவர். இரவுச் சாப்பாடு வேண்டாம் என்று படுத்துவிட்டார். அம்மா ஊசியை ஃபிரிட்ஜிலிருந்து எடுக்கவே இல்லை. "வயிற்றில் ஒரு பருக்கைகூட நிற்கவில்லை. இந்த நிலையில் ஊசி போட்டால் சர்க்கரை இறங்கி மயக்கம் வந்துவிடாதா?" பதினொரு மணிக்கு மகன் அப்பாவின் விரலைக் குத்திப் பார்க்கிறான். மீட்டரில் 286.

எந்தத் தெருவிலும் நடக்கக்கூடிய காட்சிதான். இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்த ஆய்வு 2023-இல் கணக்கிட்டது. அத்தனை பேருக்கும் என்றாவது ஒரு நாள் வயிறு கெடத்தான் செய்யும். ஆனால் நான் பார்த்த மருந்துச்சீட்டுகளில் "சாப்பாட்டுக்கு முன்", "சாப்பாட்டுக்குப் பின்" என்ற இரண்டு குறிப்புகள்தான் இருக்கின்றன. சாப்பாடே இல்லாத நாளுக்கு அவற்றில் ஒரு வரி கிடையாது.

அம்மாவின் பயத்தில் நியாயம் உண்டு. அதில் பாதி சரி. மீதிப் பாதிக்கு விடை அந்த 286-இல் இருக்கிறது. சாப்பிடாத மனிதரின் ரத்தத்தில் இவ்வளவு சர்க்கரை எங்கிருந்து வந்தது?

கல்லீரலிலிருந்து வந்தது. நாம் உறங்கும்போதும் பட்டினி கிடக்கும்போதும் மூளைக்கு மட்டும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 120 கிராம் குளுக்கோஸ் வேண்டும். அதற்காகக் கல்லீரல் மணிக்கு எட்டு, பத்து கிராம் வீதம் குளுக்கோஸை ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கிறது. நோய்த்தொற்று வந்தால் அட்ரினலின், கார்ட்டிசால், குளுக்ககான் ஆகிய ஹார்மோன்கள் ஏறுகின்றன. கல்லீரல் இன்னும் மும்முரமாக இறைக்கிறது. அதே ஹார்மோன்கள் இன்சுலினின் வேலையையும் மட்டுப்படுத்துகின்றன. இந்த இறைப்பை அளவோடு நிறுத்தி வைப்பது இன்சுலின். சோறு உள்ளே போகாவிட்டாலும் இந்த வேலை நிற்பதில்லை.

இதற்குச் சரித்திரமே சாட்சி. இன்சுலின் கண்டுபிடிக்கப்படும் முன்பு, இப்போது முதல் வகை என்று சொல்லப்படும், கணையம் இன்சுலினைச் சுரக்காமலே போகும் நீரிழிவு வந்த குழந்தைகளுக்கு மருத்துவர்கள் கொடுத்த முக்கியமான சிகிச்சை பட்டினி. சாப்பாட்டைக் குறைத்தால் சர்க்கரை குறையும் என்பது கணக்கு. குழந்தைகள் எலும்பும் தோலுமாகிச் சில மாதங்கள் கூடுதலாக உயிரோடு இருந்தார்கள், பிறகு இறந்தார்கள். 1922 ஜனவரியில் டொராண்டோவில் முதன்முதலாக இன்சுலின் ஊசி போடப்பட்ட லெனார்ட் தாம்சனுக்கு வயது 14. எடை 30 கிலோகூட இல்லை. அவனைக் காப்பாற்றியது அந்த ஊசிதான், பட்டினி அல்ல.

இன்சுலின் செய்யும் இரண்டு வேலைகளைத் தனித்தனியாகப் பார்த்தால் குழப்பம் பாதி தீர்ந்துவிடும். ஒன்று, சாப்பிட்டவுடன் ரத்தத்துக்கு வரும் சர்க்கரையைத் தசைக்குள்ளும் கல்லீரலுக்குள்ளும் அனுப்புவது. இதற்குத்தான் உணவு வேளையில் போடும் துரித இன்சுலின். பத்துப் பதினைந்து நிமிடங்களில் வேலையைத் தொடங்கி, ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரத்தில் உச்சத்தை எட்டி, நான்கைந்து மணி நேரத்தில் ஓயும். இன்னொன்று, இருபத்து நான்கு மணி நேரமும் கல்லீரலையும் கொழுப்பையும் கட்டுக்குள் வைப்பது. கிளார்ஜின், டெக்ளுடெக் போன்ற நீண்ட நேர இன்சுலின்கள் இதற்கானவை. வயிறு கெட்ட நாளில் முதல் வேலை குறைகிறது அல்லது இல்லாமலே போகிறது. இரண்டாவது வேலை கூடுகிறது. ஆகவே சாப்பிடாவிட்டால் சாப்பாட்டு ஊசியை விடலாம். அடிப்படை ஊசியை விடக்கூடாது. சர்க்கரை தாழ்வாகவே இருந்தால் அதில் ஒரு பகுதியைக் குறைக்கச் சொல்வார் மருத்துவர். குறைப்பது வேறு, நிறுத்துவது வேறு.

நிறுத்தினால் என்ன ஆகும் என்பதில்தான் உண்மையான ஆபத்து இருக்கிறது. இன்சுலின் இல்லாத உடல், ரத்தத்தில் சர்க்கரை நிரம்பி வழிந்தாலும் அதை எரிக்க முடியாமல் கொழுப்பை உடைக்கத் தொடங்குகிறது. கொழுப்பு எரியும்போது மிஞ்சுவது கீட்டோன். கீட்டோன் அமிலம், சேரச் சேர ரத்தம் அமிலமாகிறது. கொழுப்பு உடையாமல் தடுக்க மிகக் கொஞ்சம் இன்சுலின் போதும். தசைக்குள் சர்க்கரையைத் தள்ளத் தேவைப்படுவதில் சிறு பங்குதான் அது. அந்தச் சிறு பங்கும் இல்லாமல் போகும்போதுதான் உயிருக்கு ஆபத்து. முதல் வகைக்காரர்களுக்கு இது சில மணி நேரத்திலேயே நேரலாம். பெரும்பாலோருக்கு இருக்கும் இரண்டாம் வகையிலும், நீண்ட காலம் நோயோடு இருந்து கணையம் வற்றிப்போனவர்களுக்கு நேரலாம்.

இதில் ஒரு கொடிய சுழல் உண்டு. கீட்டோன் ஏறினாலே வாந்தி வரும், வயிறு வலிக்கும். ஆக, வாந்தி வந்ததால் ஊசி நின்றதா, ஊசி நின்றதால் வாந்தி வந்ததா என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. இரண்டு வேளை ஊசி தவறியவருக்கு வாந்தி வருகிறது. "நேற்றுச் சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை, பித்தம்" என்று வீடு முடிவு கட்டுகிறது. வாந்தி எடுப்பதால் மூன்றாவது ஊசியும் நிற்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு முதல் வகை நீரிழிவு முதன்முதலாக வெளிப்படுவதும் பல நேரங்களில் வயிற்றுவலி, வாந்தி என்ற வேடத்தில்தான். வேகமாகவும் ஆழமாகவும் மூச்சு வாங்குவது, மூச்சில் அழுகிய பழம் போன்ற அல்லது நகப்பூச்சு அழிக்கும் திரவம் போன்ற வாசனை, தீராத தாகம், மந்தமான பேச்சு ஆகியவை தெரிந்தால் அது பித்தமும் இல்லை, வாயுவும் இல்லை. இதோடு இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: சர்க்கரை நோயாளிக்கு மாரடைப்பும் மார்வலி இல்லாமல், வியர்வை, வாந்தி, மேல்வயிற்றுச் சங்கடம் என்று வரலாம். கஷாயம் வைத்துக் கொடுத்துக் காத்திருக்கும் நேரம் அல்ல அது.

கீட்டோனை வீட்டிலேயே அளக்கலாம். சிறுநீரில் நனைத்து நிறம் பார்க்கும் பட்டைகள் மருந்துக்கடையில் கிடைக்கும். அவை சில மணி நேரம் பிந்திய செய்தியைத்தான் சொல்லும். ரத்தக் கீட்டோன் மீட்டர் இன்னும் துல்லியமானது. அதில் 0.6-க்குக் கீழே இருந்தால் கவலை இல்லை. 1.5-ஐத் தாண்டினால் மருத்துவரைக் கூப்பிட வேண்டும். 3-ஐத் தொட்டால் ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். இன்சுலின் போடும் வீடுகளில் குளுக்கோமீட்டர் இருக்கிறது, கீட்டோன் பட்டை பெரும்பாலும் இருப்பதில்லை. முதல் வகை நீரிழிவு உள்ள வீட்டில் இது இல்லாமல் இருக்கவே கூடாது என்பது என் கட்சி.

அந்த அப்பாவிடம் திரும்புவோம். அவருடைய சிக்கல் மேலே சொன்னதைவிட ஒரு படி கடினமானது. அவர் போடுவது கலப்பு இன்சுலின். நம் ஊரில் மிகப் பரவலாகப் புழங்கும் 30/70 வகை: நூற்றில் 30 பங்கு உணவுக்கானது, 70 பங்கு நடுத்தர நேரம் வேலை செய்வது. 18 யூனிட் போட்டால் ஐந்து யூனிட்டுக்குச் சற்று மேல் உணவுக்கானது, மற்றது மெல்லப் போவது. புத்தகங்கள் "உணவு ஊசியை விடு, அடிப்படை ஊசியைப் போடு" என்று எளிதாகச் சொல்லிவிடுகின்றன. இங்கே இரண்டும் ஒரே குப்பியில் கலந்து கிடக்கின்றன. சாம்பாரில் விழுந்த உப்பைத் தனியே எடுக்க முடியாது. கலப்பு இன்சுலினில் நடுத்தரப் பகுதியும் சீராக வேலை செய்வதில்லை. சில மணி நேரம் கழித்து அதற்கென்று ஓர் உச்சம் உண்டு. இரவில் முழு அளவு போட்டுவிட்டு வெறும் வயிற்றோடு படுத்தால் அந்த உச்சம் விடியற்காலையில் வந்து நிற்கும். அம்மா பயந்தது அதற்குத்தான்.

எனவே கலப்பு இன்சுலின்காரர்களுக்கு நடைமுறை வழி, அளவைக் குறைத்துப் போடுவதும் மாவுச்சத்துள்ள ஏதாவது ஒன்றைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே செலுத்திக்கொண்டே இருப்பதும்தான். எவ்வளவு குறைப்பது என்பது ஆளைப் பொறுத்தது: வழக்கமான அளவு, அப்போதைய மீட்டர் எண், சிறுநீரகத்தின் நிலை, வயது எல்லாம் பார்த்துச் சொல்ல வேண்டியது. இதை ராத்திரி பதினொரு மணிக்குத் தொலைபேசியில் தேட முடியாது. நன்றாக இருக்கும் நாளில், அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது, "வாந்தி பேதி வந்தால் எத்தனை யூனிட்?" என்று கேட்டு மருந்துச்சீட்டின் ஓரத்தில் எழுதி வாங்கிவிட வேண்டும். 286 இருந்த அன்று அவர் ஒன்றும் போடாமல் தூங்கியது சரியல்ல. முழு 18-ஐயும் போட்டிருந்தால் அதுவும் சரியல்ல.

மாத்திரைகளிலும் இதே கலப்புச் சிக்கல் உண்டு. கிளிமிபிரைடு, கிளிக்ளசைடு, கிளிபென்கிளமைடு வகையறாக்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தைப் பிழிந்து இன்சுலினை வெளியே தள்ளும். சாப்பிடாத நாளில் இவைதான் சர்க்கரையைப் பாதாளத்துக்கு இறக்கும். வயதானவர்களுக்கு, அதிலும் சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு, கிளிபென்கிளமைடு ஒரு முழு நாள் விடாது. மெட்ஃபார்மினுக்குத் தானே வயிற்றைக் கலக்கும் குணம் உண்டு. உடலில் நீர் வற்றிச் சிறுநீரகம் திணறும்போது அது தேங்கி ரத்தத்தில் லாக்டிக் அமிலம் சேர வழி செய்யலாம். வாந்தி பேதி நிற்கும்வரை இவற்றை நிறுத்தி வைக்கச் சொல்வது வழக்கம். கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் ஒரே மாத்திரையாக வருவது இந்தியாவில் சகஜம். சிலவற்றில் மூன்றாவதாக வோக்ளிபோஸும் இருக்கும். ஆகவே மாத்திரையின் வணிகப் பெயரை மட்டும் மனப்பாடம் செய்துவிட்டு அட்டையின் பின்புறச் சிறு எழுத்தைப் படிக்காதவர், எதை நிறுத்துகிறோம் என்று தெரியாமலே நிறுத்துகிறார். ரத்தக்கொதிப்புக்கான டெல்மிசார்ட்டன், எனலாப்ரில், சிறுநீர் பிரியும் மாத்திரைகள், மூட்டுவலி மாத்திரைகள் ஆகியவையும் நீர் வற்றிய உடலில் சிறுநீரகத்தைத் தாக்கக்கூடியவை. இவற்றையும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

தனியாகச் சொல்ல வேண்டியவை டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் மாத்திரைகள். சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றும் இவை இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்லவை என்று பெயரெடுத்தவை. முன்னதன் காப்புரிமை 2020-இலும் பின்னதன் காப்புரிமை 2025-இலும் இந்தியாவில் முடிந்ததால் விலை வெகுவாகக் குறைந்து வீடுதோறும் வந்துவிட்டன. ஆனால் சாப்பிடாமல், நீர் வற்றிக் கிடக்கும்போது இவற்றைத் தொடர்ந்தால் கீட்டோன் ஏறும். அப்போது மீட்டர் 180, 200 என்று சாதுவாகக் காட்டும்! மீட்டரை நம்பி நிம்மதியாக இருப்பவருக்குள் ரத்தம் அமிலமாகிக்கொண்டிருக்கும். அமெரிக்க மருந்து நிர்வாகம் இதைப் பற்றி 2015-இல் எச்சரித்தது. வயிறு கெட்டால் முதலில் நிறுத்த வேண்டிய மாத்திரை இது.

இனி, என்ன குடிப்பது. சர்க்கரை நோயாளிக்கு ஓ.ஆர்.எஸ். கொடுக்கலாமா என்ற தயக்கம் பல வீடுகளில் உண்டு. அதில் குளுக்கோஸ் இருக்கிறதே. உலக சுகாதார நிறுவனத்தின் இப்போதைய கலவையில் ஒரு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 கிராம் உப்பு. 200 மில்லி டம்ளரில் மூன்று கிராம் குளுக்கோஸ்கூட இல்லை. அந்தக் குளுக்கோஸும் ருசிக்காகச் சேர்த்தது அல்ல. குடலின் சுவரில் குளுக்கோஸும் சோடியமும் சேர்ந்தே நுழையும் ஒரு கதவு இருக்கிறது; ஒன்று இல்லாமல் மற்றது நுழையாது. அவை நுழைந்தால் தண்ணீர் பின்னாலேயே போகும். பேதியில் குடல் புண்ணாகியிருந்தாலும் இந்தக் கதவு பெரும்பாலும் திறந்தே இருக்கும். வெறும் தண்ணீரைவிட ஓ.ஆர்.எஸ். உடலில் தங்குவது அதனால்தான். மேலே சொன்ன ஃப்ளோசின் மாத்திரைகள் சிறுநீரகத்தில் அடைப்பதும் இதன் தம்பியான இன்னொரு கதவைத்தான். ஆகவே ஓ.ஆர்.எஸ். தாராளமாகக் குடிக்கலாம். ஆனால் பொட்டலத்தைப் பார்த்து வாங்க வேண்டும். பழச்சாறு போல அட்டைப்பெட்டியில் ஓ.ஆர்.எஸ். என்ற பெயரைத் தாங்கி விற்ற பானங்களில் இதைவிடப் பல மடங்கு சர்க்கரை இருந்தது. சரியான கலவை இல்லாத பானங்களுக்கு அந்தப் பெயரை வைக்கக்கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில்தான் கட்டளையிட்டது.

வாந்தி இருக்கும்போது டம்ளர் டம்ளராகக் கொடுத்தால் அப்படியே திரும்பி வரும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தேக்கரண்டி, அது நின்றால் இரண்டு என்று பொறுமையாகக் கொடுக்க வேண்டும். மீட்டர் 250-க்கு மேல் இருந்தால் ஓ.ஆர்.எஸ்., உப்புப் போட்ட நீர்மோர், ரசத் தெளிவு. இறங்கி வந்தால் அரிசிக் கஞ்சி, ஜவ்வரிசிக் கஞ்சி, பால் சேர்க்காத இனிப்புத் தேநீர். இளநீரில் பொட்டாசியம் அதிகம்; சிறுநீரகம் கெட்டவர்களுக்கு அதைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது. சர்க்கரையை மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை, இரவிலும் எழுப்பிப் பார்க்க வேண்டும். பார்க்கும் முன் விரலைக் கழுவ வேண்டும். ஓ.ஆர்.எஸ். தூளைப் பிரித்த கையில் ஒட்டியிருக்கும் குளுக்கோஸ், மீட்டரில் நூறு எண்ணைக் கூட்டிக் காட்டினாலும் ஆச்சரியம் இல்லை.

சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினால் 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிடம் கழித்து மறுபடி சோதனை என்பது எல்லோருக்கும் தெரிந்த விதி. வோக்ளிபோஸ் அல்லது அகார்போஸ் சாப்பிடுகிறவர்களுக்கு மட்டும் ஒரு திருத்தம். இவை குடலில் சீனியை உடைக்கும் நொதியைத் தடுப்பவை. அதனால் சீனி, வெல்லம், மிட்டாய் எல்லாம் உடனே பலிக்காது. குளுக்கோஸ் தூளே வேண்டும். குடித்ததும் வாந்தியாகப் போய்விட்டாலோ நினைவு தடுமாறினாலோ வாயில் எதையும் ஊற்றக் கூடாது. மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். 108-ஐக் கூப்பிட வேண்டும். ஐந்தாறு மணி நேரமாகத் தண்ணீர்கூடத் தங்கவில்லை, சர்க்கரை 300-ஐ விட்டு இறங்கவில்லை, வயிற்றுவலி பொறுக்க முடியவில்லை, ஆள் தூங்கித் தூங்கி விழுகிறார் என்றாலும் அப்படியே. கர்ப்பிணிக்கு இவ்வளவு நேரம்கூடக் காத்திருக்க வேண்டாம்.

இதுவரை சொன்னது ஓரிரு நாளில் சரியாகிப் போகும் கேடு. தினந்தோறும் வயிறு கெட்டிருப்பவர்களின் பாடு வேறு. சாப்பிட்ட இரண்டு மணி நேரத்தில் சர்க்கரை 60. ஐந்தாவது மணியில் 300. அளவு சரி, ஊசி சரி, சாப்பாடும் சரி. இரண்டு கவளத்திலேயே வயிறு நிறைந்துவிடுகிறது. காலையில் வாந்தி எடுத்தால் முந்தைய இரவின் பொரியல் அப்படியே வருகிறது. கட்டுப்பாடு இல்லாத நோயாளி என்று திட்டு வாங்கிக்கொண்டே இருக்கும் இவருக்கு வந்திருப்பது இரைப்பை வாதம், அதாவது இரைப்பை செயலிழந்து மந்தமாவது. 1958-இல் பால் கசாண்டர் என்ற மருத்துவர் இதற்கு ஒரு லத்தீன் பெயர் வைத்தார்.

இரைப்பை நிமிடத்துக்கு மூன்று முறை சுருங்கி உணவைக் கடைந்து சிறுகுடலுக்குத் தள்ளுகிறது. அந்தத் தாளத்தைப் போடும் செல்களும், கழுத்திலிருந்து வயிற்றுக்கு இறங்கும் வேகஸ் நரம்பும், ஆண்டுக்கணக்கான உயர் சர்க்கரையில் பழுதாகின்றன. பிறகு உணவு வயிற்றிலேயே கிடக்கிறது. துரித இன்சுலின் தன் நேரப்படி வந்துவிடுகிறது. வேலை செய்யச் சர்க்கரை இன்னும் வரவில்லை. வண்டி வருவதற்கு முன்பே ஆட்கள் வந்து காத்திருந்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். வண்டி வந்தபோது சரக்கை இறக்க ஆள் இல்லை. இன்னொரு கெடுபிடியும் உண்டு: சர்க்கரை ஏறினால் அதுவே இரைப்பையை மேலும் மந்தமாக்கும்.

இதற்குச் சோதனை இருக்கிறது. சிறிதளவு கதிரியக்கப் பொருள் கலந்த முட்டை வெள்ளைக்கருவும் ரொட்டியும் சாப்பிடக் கொடுத்து, நான்கு மணி நேரம் கழித்து வயிற்றில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தங்கியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். சிகிச்சையில் முதலில் மாறுவது ஊசியின் நேரம். சாப்பாட்டுக்கு முன் போடுவதைச் சாப்பிட்டு முடித்த பிறகு போடுவது, அல்லது துரித வகைக்குப் பதில் மெல்ல வேலை செய்யும் பழைய ரெகுலர் இன்சுலினுக்குத் திரும்புவது என்று மருத்துவர் மாற்றிப் பார்ப்பார். சருமத்தில் ஒட்டித் தொடர்ந்து சர்க்கரையைக் காட்டும் கருவி இவர்களுக்குத்தான் உண்மையில் பயன்படுகிறது. எப்போது ஏறும் என்று தெரியாத சர்க்கரையை விரல் குத்திப் பிடிப்பது கடினம்.

சாப்பாட்டில் தலைகீழ் மாற்றம் வருகிறது. வாழ்நாள் முழுக்கக் "கீரை, வாழைத்தண்டு, சிறுதானியம், தவிடு நீக்காத அரிசி" என்று கேட்டுப் பழகியவரிடம் இப்போது அவற்றைக் குறைக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது. நார் வயிற்றில் தேங்கிச் சக்கை உருண்டையாகக்கூடத் திரளும். எண்ணெயும் இரைப்பையைத் தாமதப்படுத்தும். குழைந்த சோறு, இட்லி, வடிகட்டிய சூப், மசித்த பருப்பு என்று நாளுக்கு ஐந்தாறு முறை சிறு அளவில். திடப்பொருள் தேங்கும் வயிற்றிலும் திரவம் ஓரளவு இறங்கிவிடும் என்பதால் மோசமான நாட்களில் கஞ்சியே கைகொடுக்கும். மெட்டோகுளோபிரமைடு, டோம்பெரிடோன் போன்ற மாத்திரைகள் உதவும். முன்னதை மூன்று மாதத்துக்கு மேல் நீட்டினால் முகத் தசைகள் தன்னிச்சையாக இழுக்கும் நிரந்தரக் கோளாறு வரலாம், பின்னது இதயத் துடிப்பின் ஒழுங்கைக் கெடுக்கலாம். கடையில் கேட்டு வாங்கி விழுங்கிக்கொண்டே இருக்கும் மாத்திரைகள் அல்ல இவை.

எடை குறைக்கவும் சர்க்கரைக்கும் இப்போது பிரபலமாகிவரும் செமாகுளுடைடு, 2025 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்த டிர்செபடைடு ஆகியவை இரைப்பையை வேண்டுமென்றே மெதுவாக்கும் மருந்துகள். ஏற்கெனவே மந்தமான வயிற்றுக்கு இவை ஏற்றவையல்ல. இன்சுலினோடோ கிளிமிபிரைடோடோ சேர்த்துப் போடும்போது, பசி குறைந்து சாப்பாடு பாதியான பிறகும் பழைய அளவையே போட்டுக்கொண்டிருந்தால் சர்க்கரை இறங்கும்.

சாதாரண வாந்தி பேதியோ மூன்றாம் நாள் அடங்கிவிடும். பசி எடுக்கும்; அப்பா இரண்டு இட்லி கேட்பார். அன்றுதான் வீட்டில் எல்லோரும் அசட்டையாகிவிடுகிறார்கள். நோயின் ஹார்மோன்கள் இறங்கியதால் இன்சுலின் மறுபடி முழு வலுவோடு வேலை செய்யும். காலியான கல்லீரல் சர்க்கரையை இழுத்துச் சேமிக்கும். அன்று காலை பழைய 24-ஐ அப்படியே போட்டுவிட்டு, இரண்டு இட்லியில் ஒன்றை மீதி வைத்து எழுந்தால் பதினொரு மணிக்குக் கை நடுங்கும். மெட்ஃபார்மினையும் ஃப்ளோசினையும் சாப்பாடும் தண்ணீரும் ஒன்றிரண்டு நாள் ஒழுங்காக உள்ளே போன பிறகே மீண்டும் தொடங்க வேண்டும். மீட்டரை அதுவரை அலமாரியில் வைக்க வேண்டாம்.